ஒல்லி வெளியாள் இல்லை

ஜனவரி 9

பேராசிரியர் அவர்களுக்கு,

உங்கள் நீரொலி ஆய்வகத்தின் இரண்டு கணினிகளும் பதிவுகள் இருந்த வட்டுகளும் இன்று காலை என் கையெழுத்தின் பேரில் எடுத்துச் செல்லப்பட்டன. காரணத்தை எழுத்தில் தரவேண்டியது என் கடமை. உங்கள் ஆய்வகத்தின் ஒலிப்பதிவுகளும், அவற்றைப் பிரித்துப் பார்க்கும் புரோகிராமும் உங்கள் முன்னாள் மாணவர் ஒருவருக்கு அனுப்பப்பட்டிருக்கின்றன. அவர் இப்போது வேலை செய்யும் வெளிநாட்டு நிறுவனம் அந்த நாட்டுக் கடற்படையின் பணத்தில் நடக்கிறது. நம் அரசு கண்காணிக்கும் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அங்கே இப்படிப்பட்ட தொழில்நுட்பம் போக வேண்டுமானால் முன் அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் வாங்கவில்லை.

விஷயம் காதுக்கு வந்ததும் மேலே தெரிவித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். தெரிவித்துவிட்டேன். நீங்கள் என் கணவரின் தங்கை என்பதையும் பதிவாளரிடம் எழுதிக் கொடுத்தேன். "வேற ஆள் இல்லம்மா, விசாரணைக் குழு உட்கார்ற வரைக்கும் நீங்களே பாருங்க" என்றார். குழு முடிவு சொல்லும்வரை நாம் நேரிலோ போனிலோ பேசக் கூடாது. எதுவானாலும் கடிதம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் கோப்புக்குப் போகும்.

இத்துடன் முடித்திருக்க வேண்டும். ஆனால் வாலு, நீ இன்றைக்கு வெறும் வயிற்றோடுதான் வந்திருந்தாய். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஏதாவது சாப்பிடு.

ஆய்வுப் பாதுகாப்பு அலுவலர்
நகல்: கோப்புக்கு


ஜனவரி 12

ஆய்வுப் பாதுகாப்பு அலுவலர் அவர்களுக்கு,

பழக்கதோஷத்தில் "அன்புள்ள அண்ணி" என்று ஆரம்பித்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நகல் படிக்கப்போகிற ஐயாவுக்கும் வணக்கம். என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணினி உங்கள் அலமாரியில் இருக்கிறது.

சாப்பிட்டேனா என்று கேட்டதற்கு மிக்க நன்றி. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, வலிக்குதா என்று கேட்டதுபோல் இருந்தது.

அன்றைக்கு ஆய்வகக் கட்டட வாசலில் என் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. வருடக்கணக்காக எனக்கு வணக்கம் சொல்லும் காவலர் பாவம், நெளிந்தார். "மேடம், சிவப்பு லைட் எரியுது. நான் என்ன பண்றது, சொல்லுங்க" என்றார். "நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றேன். எனக்குப் பின்னால் வந்த ஆசிரியர்கள் எல்லாருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. ஒருத்தர்கூட நின்று என்ன ஏது என்று கேட்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், என் ஆராய்ச்சி மாணவிகள் இரண்டு பேரும் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு ஆய்வேட்டில் ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி. அதுவும் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.

நான் செய்கிற வேலையை நகல் படிப்பவருக்காகச் சொல்கிறேன். மண்ணுக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்பதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறேன். அவ்வளவுதான். அதே கருவியைக் கடலில் போட்டால் நீர்மூழ்கிக் கப்பல் வருவது கேட்கும் என்கிறீர்கள். கேட்கும், இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் கேட்கும். அதற்காக நான் சண்டை மூட்டிவிட்டேன் என்று ஆகிவிடுமா?

அடுத்தது ஒல்லி. "முன்னாள் மாணவர் ஒருவர்" என்று எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள்! உங்களுக்கு அவனைத் தெரியவே தெரியாது, இல்லையா? "இவன் என்ன, காத்தடிச்சா பறந்துடுவான் போலிருக்கே" என்று அவன் தட்டில் இரண்டாவது முறை பரிமாறியது யார்? எனக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனோடு தூங்காமல் உட்கார்ந்திருந்தது அவன் இல்லையா?

போன வருடம் கருத்தரங்குக் கூடத்தில் எங்களையெல்லாம் உட்காரவைத்து இந்தச் சட்டத்துக்கு நீங்கள்தான் வகுப்பெடுத்தீர்கள். ஒன்றும் புரியவில்லை, தலை சுற்றுகிறது என்று நாங்கள் சொன்னோம். நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் மறந்துடுங்க. ஒரே வரிதான். வெளியாளுக்குக் கொடுக்காதீங்க" என்றீர்கள். கூடமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். எங்க அண்ணி என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமைகூட அடித்துக்கொண்டேன்.

நான் வெளியாளுக்குக் கொடுக்கவில்லை. ஒல்லிக்குக் கொடுத்தேன்.

அட்டையில் சிவப்பு விளக்கு எரிகிற பேராசிரியர்
நகல்: கோப்புக்கு. இரண்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.


ஜனவரி 21

வாலு,

இந்த வேலை எனக்கு ஏதோ பொழுதுபோக்கு என்று நினைக்காதே. நான் காபி மெஷின் பக்கம் போனால் அங்கே பேச்சு நின்றுவிடுகிறது. பேராசிரியர்கள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, ரயிலில் டிக்கெட் இல்லாதவன் பரிசோதகரைப் பார்ப்பதுபோல் இருக்கும். இங்கே வந்த நாளிலிருந்து எனக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் நீயும் அப்படிப் பார்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு வருடம் முன்னால் வேறொரு துறைக்கு ஒரு விருந்தினர் வந்தார். நல்லவர், சிரித்த முகம், எல்லாருக்கும் பேனா பரிசு கொடுத்தார். அவர் ஊர் திரும்பிய பிறகு, நம் பையன் ஒருவன் மாங்கு மாங்கென்று உழைத்த வேலை மொத்தமும் அவர்கள் நிறுவனத்தின் பெயரில் வெளியானது. அந்தப் பையன் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதான். சட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வருகிறது.

குழு உன்னிடம் கேட்கப்போவது ஒரே கேள்வி. தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா? தெரிந்து என்றால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள், வழக்கு போலீசுக்குப் போகும். தெரியாமல் என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். அதனால் வாயை அடக்கி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். ஒல்லியைத் தொடர்புகொள்ளாதே. வகுப்பில் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. அச்சடித்த பாடமும் எல்லாருக்கும் கொடுத்தோம், அதில் சட்டம் முழுதாக இருக்கிறது.

உன் அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூடக் கேட்காமல் எழுந்துபோய் எடுத்துக்கொள்கிறார். எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது.

ஆய்வுப் பாதுகாப்பு அலுவலர்
நகல்: கோப்புக்கு


பிப்ரவரி 4

அலுவலர் அவர்களுக்கு,

நேற்று விசாரணையில் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் கடைசி நாற்காலியில் இருந்தீர்கள். ஆனாலும் பேசக் கூடாது என்பதால் இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

குழுத் தலைவர் என் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "வெளியாள்னு எந்தச் சட்டத்துல இருக்கு மேடம்?" என்று கேட்டார். வகுப்பில் சொன்னார்கள் என்றேன். அங்கே இருந்த மற்ற பேராசிரியர்களிடம் முன்பே விசாரித்திருக்கிறார். எல்லாருக்கும் "சரியா ஞாபகம் இல்ல"யாம். அன்றைக்குக் கை வலிக்கத் தட்டியவர்கள்! அப்புறம் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். நீங்கள் தாளைப் பார்த்துக்கொண்டே, "அச்சிட்ட பாடத்துல சட்டம் முழுசா இருக்கு சார்" என்றீர்கள்.

பொய் சொல்லிவிட்டீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாடத்தில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அவர் உங்களைக் கேட்டது அது இல்லை.

வீட்டுக்கு வந்து உங்கள்மேல் கத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாக மனதில் வைத்திருந்தேன். இப்போது தெம்பு இல்லை. அதற்குப் பிறகு அவர் படித்த பதில்தான் காரணம். ஒல்லியிடம் கேட்டிருந்தார்களாம். அவன் சார்பில் அந்த நிறுவனத்தின் வக்கீல் எழுதியிருந்தார். யார் பணத்தில் நிறுவனம் நடக்கிறது என்பது அவனுக்கு வேலையில் சேர்ந்த நாளே தெரியும். வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறான். மேலதிகாரி கேட்டுத்தான் என்னிடம் பதிவுகளை வாங்கியிருக்கிறான்.

அவனுக்குத் தெரியும், அண்ணி. என்னிடம் எப்படிக் கேட்டான் தெரியுமா? "மேடம், நம்ம பழைய வேலைய ஒழுங்கா முடிக்கணும்னு ஆசையா இருக்கு. அந்தப் பதிவெல்லாம் இருந்தா அனுப்புங்களேன்." நம்ம வேலை என்றான். நான் பூரித்துப்போய் அன்றைக்கே அனுப்பினேன். கேட்காத புரோகிராமையும் சேர்த்து அனுப்பினேன், பையனுக்கு உதவுமே என்று. இத்தனை நாள் ஒல்லி ஒல்லி என்று உங்களோடு மல்லுக்கு நின்றேன் பாருங்கள், அதுதான் பெரிய வெட்கம்.

தெரியாமல் செய்தேன் என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. இவ்வளவு படித்தவருக்கு இது தெரியாதா என்கிறார்கள். மாணவிகளை வேறு ஆசிரியரிடம் பேசிப் பார்க்கச் சொல்லிவிட்டேன். ஒரு அத்தியாயம் பாக்கி இருப்பவள் "நான் வேற எங்கயும் போகல மேடம்" என்று அடம் பிடிக்கிறாள்.

வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஊர்க் குழாய்க்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள், என் வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றவில்லை. அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தாவது பார்த்தேன்.

வாலு
நகல்: கோப்புக்கு


பிப்ரவரி 11

அன்புள்ள வாலு,

இந்தக் கடிதத்தின் நகலும் கோப்புக்குப் போகிறது. தெரிந்தேதான் எழுதுகிறேன். குழுத் தலைவர் அவர்களும் இதை என் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வகுப்புக்கு முன்னால் நான் எடுத்த வகுப்புகளில் சட்டத்தை உள்ளது உள்ளபடி படித்தேன். அதில் ஒரு வாக்கியம் பக்கத்தின் மேலே ஆரம்பித்தால் கீழேதான் முடியும். பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் போனை நோண்டினார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாதாரண ஜனங்கள் பேசுகிற தமிழில் ஒரே வரியில் சொல்கிறேன் பார் என்று யோசித்து யோசித்து அந்த வார்த்தையைப் பிடித்தேன். மேடையில் "வெளியாளுக்குக் கொடுக்காதீங்க" என்று சொன்னது நான்தான். "எல்லாத்தையும் மறந்துடுங்க" என்று சொன்னதும் நான்தான். கைதட்டல் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பதிவாளர்கூட "இப்படிச் சொன்னா யாருக்குமே புரியும்மா" என்று பாராட்டினார்.

எல்லாருக்கும் புரிந்தது, ஆனால் தப்பாகப் புரிந்தது. சட்டம் கேட்பது, அந்த ஆள் இன்றைக்கு யாருக்கு வேலை செய்கிறார் என்று. உனக்கு அவரைத் தெரியுமா, உன் வீட்டில் சாப்பிட்டாரா என்றெல்லாம் அது கேட்பதே இல்லை. நம் பேச்சில் வெளியாள் என்றால் என்ன? நம்மோடு ஒட்டாத ஆள். வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறவர். கூடவே இருந்த பையன் எந்த ஊருக்குப் போனாலும், எவரிடம் சம்பளம் வாங்கினாலும் நமக்கு வெளியாள் ஆவானா? எனக்கே ஆகமாட்டான். அந்த வகுப்பு முடிந்த மறுநாள் ஒல்லி என்னிடம் ஏதாவது கேட்டிருந்தால் நானே எடுத்து அனுப்பியிருப்பேன்.

அதோடு நிற்கவில்லை. "வெளியாளுக்கு அனுமதி இல்லை" என்று அச்சடித்து எல்லா ஆய்வகக் கதவிலும் ஒட்டவைத்தேன். உன் கணினிகளை எடுக்க வந்த காலையில் உன் கதவிலும் அதைப் பார்த்தேன். பார்த்ததுமே எனக்கு உறைத்துவிட்டது. அதனால்தான் அதற்குப் பிறகு உன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. விசாரணையில் கேட்டபோதும் பாடத்தாளின் பின்னால் ஒளிந்துகொண்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. பல்கலைக்கழகம் முழுவதற்கும் சட்டத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் இந்த நாற்காலி போய்விடும் என்று பயந்தேன்.

குழுத் தலைவர் அவர்களே, இவர் அனுப்பியது தப்பு. அதை நான் மேலே தெரிவித்ததும் சரி. ஆனால் இவர் சட்டத்தை மீறும் எண்ணத்தில் அனுப்பவில்லை. நான் சொன்ன சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் அனுப்பினார். என் நாத்தனார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் போன வாரமே சொல்லியிருப்பேன்.

உன் அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டினேன். சாப்பிட உட்கார்ந்ததும், "உப்பு எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார்.

அண்ணி
நகல்: கோப்புக்கு


மார்ச் 3

அண்ணி,

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ஆய்வகம் திறந்தாகிவிட்டது. வாசலில் பச்சை விளக்கு எரிந்ததும் காவலர் என்னைவிடச் சந்தோஷப்பட்டார். அடம் பிடித்தவள் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்துவிட்டாள். இனி எது வெளியே போனாலும் முன் அனுமதி. ஒல்லியிடமிருந்து எது வந்தாலும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

உங்களைக் கட்டடப் பராமரிப்புக்கு மாற்றிவிட்டார்கள் என்று வாசலில்தான் கேள்விப்பட்டேன். அப்படி எழுதச் சொல்லி யார் உங்களைக் கேட்டது? நான் கேட்டேனா? ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இல்லை, சொல்லியிருக்கமாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும். அதை நினைத்தால் உங்கள்மேல் இன்னும் கோபம் வருகிறது.

நகல் இன்னும் கோப்புக்குப் போகுமா என்று தெரியவில்லை. போனால் போகட்டும்.

வாலு


மார்ச் 10

வாலு,

கோப்பை மூடிவிட்டார்கள், நகல் வேண்டாம். போனில் பேசலாம்தான். இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். எழுதிப் பழகியதில் இப்போது இதுதான் சுலபமாக இருக்கிறது.

என் புது மேசைக்கு என்ன வேலை தெரியுமா? குழாய் ஒழுகுகிறது, கழிப்பறை அடைத்துக்கொண்டது என்று வரும் புகார்களை வாங்கி ஆள் அனுப்புவது. இங்கே என்னைப் பார்த்தால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. கத்துகிறார்கள். "இதோட மூணாவது தடவ சொல்றேன்!" என்று நேற்று ஒருவர் குதித்தார். யார் என்று பார்த்தால், கைதட்டியது ஞாபகம் இல்லாத பேராசிரியர்களில் ஒருவர். அவர் குழாயை முதலில் சரிசெய்யச் சொன்னேன். பழிவாங்கக்கூடத் தெம்பு இல்லை, போ.

ஒன்று கேட்கிறேன். இத்தனை வருடத்தில் உன் கருவி எப்படிக் கேட்கும் என்று நான் கேட்டதே இல்லை. அதைப் பற்றி எத்தனையோ பக்கம் மேலே எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒருநாள் வந்து காதில் வைத்துப் பார்க்கட்டுமா?

அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணி,

உங்களை ஆய்வகத்துக்குக் கூட்டிவர அனுமதி கேட்டேன். புது அலுவலர் சின்ன வயசு, எதைச் சொன்னாலும் "நோட் பண்ணிக்கிறேன் மேடம்" என்பார். இதை மட்டும் நோட் பண்ணவில்லை. "பார்க்க ஆசைங்கிறது காரணம் ஆகாது மேடம்" என்றார். "அவங்க எங்க அண்ணிங்க" என்றேன். "அது காரணமே இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள். கதவில் இருந்த உங்கள் தாளையும் கிழித்துவிட்டு, யாருக்கும் புரியாத நீள வாக்கியம் ஒன்றை ஒட்டியிருக்கிறார்.

நேற்று ஒல்லியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பில் "மேடம்" என்று மட்டும் இருந்தது. திறக்கவில்லை. அப்படியே புது அலுவலருக்கு அனுப்பிவிட்டு நேரில் போய்ச் சொன்னேன். "அனுப்பினவர் உங்களுக்கு யாரு மேடம்?" என்று கேட்டார், எழுதிக்கொள்வதற்காக. மாணவன் என்று சொல்ல வாய் வரவில்லை. "வெளியாள்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நான் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனேன்.

அந்தக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவரவும் வழி இல்லை, அதற்கும் அனுமதி வேண்டும். ஆனால் என் சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. வளாகக் குடியிருப்புதானே, உங்கள் பிரிவில் புகார் கொடுத்தால் ஆள் அனுப்புவீர்கள். எனக்கு ஆள் வேண்டாம், நீங்களே வாங்க. அண்ணனிடம் ஒரு வாஷர் வாங்கிக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெறுங்கையோடு வாங்க. குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன். அது ஒழுகுவதைக் கேட்க வெறும் காது போதும்.

வாசலில் நின்று கூப்பிடாதீர்கள், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

வாலு
நகல்: யாருக்கும் இல்லை